கேட்டால்தான் தீர்ப்பு

கொழும்பிலே பத்திரிகைத் தொழிலில் இருந்த நீண்ட காலத்தில் சில ஆண்டுகள் விளையாட்டுப் பக்கத்தையும் பார்த்திருக்கிறேன். பாடசாலைகளுக்கிடையிலான கிரிக்கெட் சமர்கள், உதைபந்தாட்டம், கரப்பந்தாட்டம் என்று எத்தனையோ செய்திகளைச் செப்பனிட்டு அச்சுக்கு அனுப்பியதுண்டு. ஆனால், பேஸ்போல் என்ற சொல் எனது பேனாவின் கீழ் பத்துத் தடவையாவது வந்திருக்குமோ என்பது சந்தேகமே. அது அமெரிக்கர்களின் விளையாட்டு, நமக்கெதற்கு என்ற எண்ணம் ஆசிரியபீடத்தில் எல்லோருக்கும் இருந்தது. எனக்கும் இருந்தது.

அந்த எண்ணத்தை மாற்றியவன் எனது பேரன். கனடாவில், ரொறொன்ரோவுக்கு வடக்கேயுள்ள மார்க்கம் நகரில் எனது மகளின் குடும்பம் வாழ்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கோடைகாலம் முழுவதையும் அங்கே கழித்தேன். பேரனுக்கு அப்போது பதினொரு வயது. உள்ளூர்ச் சிறுவர் பேஸ்போல் அணியொன்றில் விளையாடிக்கொண்டிருந்தான். வாரத்தில் இரண்டு மாலைகள் அவனை மைதானத்துக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. மடிப்புக் கதிரை, தண்ணீர்ப் போத்தல், நுளம்புக்குப் பூசும் மருந்து ஆகியவற்றோடு முதலாம் தளத்துக்குப் பின்னால் போய் அமர்ந்துகொள்வேன்.

பேஸ்போலை அறியாத வாசகர்களுக்காக இரண்டொரு வார்த்தைகள். சாய்சதுரம்போல் அமைந்த களத்தின் நான்கு மூலைகளிலும் நான்கு தளங்கள். பந்தை அடித்தவர் முதலாம், இரண்டாம், மூன்றாம் தளங்களை வரிசையாக மிதித்து, புறப்பட்ட இடமான ‘ஹோம்’ தளத்துக்குத் திரும்பினால் ஓர் ஓட்டம். மூவர் ஆட்டமிழந்தால் மற்ற அணியின் முறை. பெரியவர்களின் தொழின்முறை ஆட்டத்தில் தளத்துக்குத் தளம் 90 அடி. 1939 இல் பென்சில்வேனியா மாநிலத்தின் வில்லியம்ஸ்போர்ட் நகரில் கார்ல் ஸ்ரோட்ஸ் என்பவர் சிறுவர்களுக்காக ‘லிட்டில் லீக்’ அமைப்பைத் தொடங்கியபோது, பிள்ளைகளின் கால்களுக்கேற்ப அந்தத் தூரம் 60 அடியாகக் குறைக்கப்பட்டது. களம் சிறுத்ததே தவிர விதிப்புத்தகம் அந்த அளவுக்குச் சிறுக்கவில்லை. பெரியவர்களே தடுமாறும் விதிகளுக்குள்தான் பத்து வயதுப் பிள்ளைகளும் ஓடித்திரிகிறார்கள்.

எங்கள் ஆட்டங்களுக்கு வரும் நடுவருக்கு வயது பதினாறு இருக்கும். முகத்தில் மீசை அரும்பத் தொடங்கியிருந்த உயர்நிலைப் பாடசாலை மாணவன். கோடை விடுமுறையில் கைச்செலவுக்காக இந்த வேலையைச் செய்கிறானாம். ஆட்டத்துக்கு அவன் ஒருவன்தான் நடுவர். முகக்கவசத்தை அணிந்து ஹோம் தளத்துக்குப் பின்னால் குனிந்து நிற்பான். பந்து அடிபட்டதும் கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி களத்தின் நடுவே ஓடுவான். இருபுறமும் பெற்றோர் இருந்து கத்துவார்கள். நான் அவனை மிகுந்த அனுதாபத்தோடு பார்த்துக்கொண்டிருப்பேன்.

யூன் மாதத்தில் ஒருநாள் முதலாம், இரண்டாம் தளங்களில் எமது பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவரும் ஆட்டமிழக்கவில்லை. அடுத்த பையன் அடித்த பந்து நேராக வானத்துக்கு எழும்பி உட்களத்தின் மேலே நின்று சுழன்றது. பந்து கீழே வருமுன்பே நடுவர்ப் பையன் கையை உயர்த்தி, அடித்தவன் ஆட்டமிழந்துவிட்டதாக அறிவித்தான். பந்தின் கீழ் நின்ற சிறுவனோ அதைத் தவறவிட்டான். உடனே எமது பக்கத்தில் பெரும் கூச்சல். பிடிக்காத பந்துக்கு எப்படி ஆட்டமிழப்பு என்று ஒரு தகப்பன் வேலிவரைக்கும் ஓடிப்போனார். நானும் அநியாயம் என்றே நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து விதியைத் தேடிப் படித்தபோது பையன் சொன்னதே சரி என்று தெரிந்தது. ‘இன்ஃபீல்ட் ஃப்ளை’ என்று அதற்குப் பெயர். 1890களில் உருவான விதி. பந்து பிடிபட்டுவிடும் என்று எண்ணி ஓடாமல் தளத்தில் நிற்பவர்களை ஏமாற்றுவதற்காக, பந்தை வேண்டுமென்றே நழுவவிட்டு, அடுத்தடுத்து இருவரை ஆட்டமிழக்கச் செய்யும் தந்திரம் அக்காலத்தில் இருந்தது. அந்தத் தந்திரத்துக்குப் பூட்டுப் போடத்தான் இந்த விதி. சாதாரண முயற்சியோடு உட்களக்காரர் ஒருவர் பிடிக்கக்கூடிய பந்து என்று நடுவர் கருதினால், அது பிடிபட்டாலும் விழுந்தாலும் அடித்தவர் ஆட்டமிழப்பார். 1975 இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகச் சட்டச் சஞ்சிகையில் இந்த ஒரு விதியைப் பற்றியே, எழுதியவரின் பெயர் இல்லாமல் ஒரு கட்டுரை வெளிவந்தது. பாதி வேடிக்கையாகவும் பாதி வினையமாகவும் எழுதப்பட்ட அந்தச் சில பக்கங்களைச் சட்ட அறிஞர்கள் இன்றைக்கும் மேற்கோள் காட்டுகிறார்கள். விளையாட்டு விதியும் நாட்டின் சட்டமும் ஒரே மாதிரித்தான் பிறக்கின்றன. எவரோ ஒருவர் செய்த கெட்டித்தனமான அநியாயம்தான் இரண்டுக்கும் தாய்.

அதன்பின் விதிப்புத்தகம் எனக்கு இரவுநேர வாசிப்பாயிற்று. விசித்திரமான ஆட்டங்களையும் அவற்றுக்கு நடுவர்கள் கொடுத்த தீர்ப்புகளையும் தேடித்தேடிப் படித்தேன். 2001 மார்ச்சில் அரிசோனாவில் நடந்த பயிற்சிப் போட்டியொன்றில் ரண்டி ஜோன்சன் எறிந்த பந்து, குறுக்கே பறந்த புறாவொன்றின்மீது பட்டது. இறகுகள் பறந்தன. நடுவர்கள் கூடிப் பேசி, அந்தப் பந்து எறியப்படவே இல்லை என்று தீர்ப்பளித்தார்கள். 2006 இல் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் உயர்நிலைப் பாடசாலைப் போட்டியொன்றில், முதலாம் தளத்தில் நின்ற பையன் ஓடுபாதையை விட்டு விலகி வெளிக்களப் புல்வெளிக்குள் நடந்துபோய் நின்றுகொண்டான். அவனைத் துரத்தினால் மூன்றாம் தளத்தில் நிற்பவன் ஹோமுக்கு ஓடிவிடுவான். துரத்தாமல் விட்டால் அவன் அங்கேயே நிற்பான். எல்லோரும் சிலைபோல் நின்றார்கள். பாதையை விட்டு விலகிய குற்றம், பந்தோடு ஒருவர் தொட முனையும் வேளையில்தான் தொடங்குகிறது என்பது விதி. ஆகவே நடுவர்களும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று.

எல்லாவற்றிலும் என்னை அதிகமாகச் சிரிக்கவைத்தது 1987 ஓகஸ்ட் 31 இல், அதே வில்லியம்ஸ்போர்ட் நகரில், பெரியவர்களின் இரண்டாந்தர லீக் போட்டியில் நடந்த சம்பவம். நமது விக்கெட் காப்பாளரைப்போலப் பந்து பிடிக்கும் டேவ் பிரெஸ்னஹன் என்பவர், தோல் சீவிய உருளைக்கிழங்கு ஒன்றை ஒளித்துவைத்திருந்து, மூன்றாம் தளத்துக்கு மேலாக வேண்டுமென்றே வெளியே வீசினார். பந்துதான் போகிறது என்று நம்பி ஓடிவந்த எதிரணிக்காரரை, கையுறைக்குள் இருந்த உண்மையான பந்தினால் தொட்டார். நடுவர் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் உருளைக்கிழங்கு பற்றி விதி இராது. ஆயினும், விதிகளில் சொல்லப்படாத விடயங்களில் நடுவரே தீர்ப்பளிக்கலாம் என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியின் பலத்தில் ஓட்டத்தை வழங்கினார் நடுவர். பிரெஸ்னஹனுக்கு 50 டொலர் தண்டம். மறுநாள் வேலையும் போயிற்று. அடுத்த ஆண்டு அதே ஊர் ரசிகர்கள் அவரை அழைத்து விழா எடுத்தார்கள் என்பது வேறு கதை.

இப்படிப் படித்துவரும்போது ஒரு விடயம் மட்டும் எனக்குப் புரியாமல் நெருடிக்கொண்டிருந்தது. ஒருவர் ஓடும்போது தளத்தை மிதிக்காமல் போனால், அதை நடுவர் தன் கண்ணால் கண்டாலும் வாய் திறக்கக் கூடாது. எதிரணி பந்தை எடுத்துவந்து, அந்தத் தளத்தை இவர் மிதிக்கவில்லை என்று முறையிட்டால் மாத்திரமே தீர்ப்பு வரும். அடுத்த பந்து எறியப்படுமுன் அந்த முறைப்பாடு வரவேண்டும். ஆட்டமே முடியும் தறுவாய் என்றால், எதிரணியினர் களத்தைவிட்டு வெளியேறுமுன் வரவேண்டும். வரிசை மாறி வேறொருவர் துடுப்பெடுத்து ஆடவந்தாலும் அப்படித்தான். நடுவர் சொல்லக் கூடாது. உத்தியோகபூர்வ ஓட்டக் கணக்காளரும் சொல்லக் கூடாது.

கிரிக்கெட்டிலும் முறையிடாமல் ஆட்டமிழப்பு இல்லை என்பதை நாம் அறிவோம். ஆனால், அங்கே பந்துவீச்சாளரும் விக்கெட் காப்பாளரும் தொண்டை கிழியக் கத்துவதால், கேட்கப்படாத முறைப்பாடு என்ற ஒன்றை நாம் அனேகமாகக் காண்பதில்லை. பேஸ்போலில் நடுவரின் அந்த மௌனத்தை நேரிலே காணும் சந்தர்ப்பம் யூலை மாதத்தில் எனக்கு வாய்த்தது. அந்த மௌனத்தின் மறுமுனையில் நின்றவன் எனது பேரன் என்பதுதான் அதில் எனக்கேற்பட்ட சங்கடம்.

அன்று கடைசி இனிங்ஸ். இரண்டு அணிகளும் சம ஓட்டங்கள். எமது அணியில் ஒருவர் ஆட்டமிழந்திருந்தார். பேரன் முதலாம் தளத்தில் நின்றான். அடுத்து வந்தவன் அடித்த பந்து இரண்டு வெளிக்களக்காரர்களுக்கும் நடுவே புகுந்து வேலிவரைக்கும் ஓடியது. பேரன் தலை குனிந்தபடி பறந்தான். இரண்டாம் தளத்தில் வளைந்து திரும்பும்போது அவனது கால் தளத்துக்கு உட்புறமாக, ஒரு சாண் தள்ளி விழுந்ததை நான் தெளிவாகக் கண்டேன். அவன் நிற்கவில்லை. மூன்றாம் தளத்தைக் கடந்து ஹோமை மிதித்தான். வெற்றி ஓட்டம்! எமது பிள்ளைகள் எல்லோரும் அவன்மேல் விழுந்து புரண்டார்கள்.

நான் எழுந்து கைதட்டியவாறே நடுவர்ப் பையனைப் பார்த்தேன். ஆட்டம் முடிந்தது என்று அறிவித்துவிட்டுப் போகவேண்டியவன் போகவில்லை. கவசத்தைக் கையில் பிடித்தபடி களத்திலேயே நின்றான். அவனது கண்கள் ஒருதரம் இரண்டாம் தளத்துக்குப் போய்த் திரும்பின. எதிரணியில் இரண்டாம் தளத்தைக் காத்த சிறுவன், கண்ணாடி அணிந்த மெலிந்த பிள்ளை, தளத்தைக் கையால் காட்டியவாறு தனது பயிற்றுநரிடம் ஏதோ சொன்னான். அவரோ அழுதுகொண்டிருந்த இன்னொரு பிள்ளையைத் தேற்றிக்கொண்டிருந்தார். இவனது தோளைத் தட்டி, கைகுலுக்கும் வரிசைக்குப் போகும்படி அனுப்பிவிட்டார். எதிரணிப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வெள்ளைக் கோட்டைத் தாண்டினார்கள். கடைசிப் பிள்ளையும் தாண்டிய பின்னர்தான் நடுவர்ப் பையன் களத்தை விட்டு நகர்ந்தான்.

வாகனத் தரிப்பிடத்தில் அவனைக் கண்டபோது, எந்த ஆட்டத்தையும் குறிப்பிடாமல், ஓடுபவர் தளத்தை மிதிக்காததை நடுவர் கண்டால் என்ன செய்வார் என்று ஒரு கிழவனுக்குரிய ஆர்வத்தோடு விசாரித்தேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். கேட்டால் சொல்வேன், கேட்காவிட்டால் சொல்ல எனக்கு உரிமையில்லை, நான் சொன்னால் ஒரு பக்கத்துக்கு உதவி செய்தவன் ஆகிவிடுவேனல்லவா என்றான். பதினாறு வயதில் இவ்வளவு தெளிவு எனக்கு இருந்ததில்லை.

காரில் ஏறியபின் பேரன் வழக்கத்துக்கு மாறாகப் பேசாமல் வந்தான். பாதி வழியில், தனது மழலை மாறாத தமிழில் கேட்டான்.

“அம்மப்பா, நான் செக்கண்ட் பேஸை மிதிக்கேல்லை. நீங்கள் கண்டனீங்களோ?”

“ஓம் பிள்ளை, கண்டனான்.”

“அம்பயரும் கண்டவரோ?”

“கண்டிருப்பார்.”

“அப்ப ஏன் அவர் சொல்லேல்லை?”

விதியை விளக்கினேன். சிறிது நேரம் யோசித்தான். பிறகு கேட்டான்.

“இப்ப நான் போய்ச் சொன்னால் ரிசல்ட் மாறுமோ?”

“மாறாது.”

“அப்ப ஏன் சொல்லவேணும்?”

சொல்லவேண்டும் என்று நான் இன்னும் சொல்லியிருக்கவே இல்லை. அந்தக் கேள்வி அவனுக்குள்ளேயே இருந்து வந்தது. அதற்கு என்னிடம் உடனே மறுமொழி இருக்கவில்லை.

பேஸ்போல் வரலாற்றில் மிகப் பெரிய வழக்கும் இதே இரண்டாம் தளத்தைப் பற்றியதுதான். 1908 செப்டெம்பர் 23, நியூயோர்க். நியூயோர்க் ஜயன்ற்ஸ் அணியும் சிக்காகோ கப்ஸ் அணியும் ஒன்றுக்கு ஒன்று என்ற சமநிலையில் நின்றன. ஒன்பதாவது இனிங்ஸில் ஜயன்ற்ஸின் வெற்றி ஓட்டம் ஹோமை அடைந்தபோது, முதலாம் தளத்திலிருந்து புறப்பட்ட பிரெட் மேர்க்கிள் என்ற 19 வயது இளைஞர் இரண்டாம் தளம்வரை போகாமல் பாதியில் திரும்பினார். ஆட்டம் முடிந்துவிட்டால் அப்படித் திரும்புவது அக்கால வழக்கம். ரசிகர்கள் களத்தை மூடிவிட்டார்கள். கப்ஸின் ஜோனி எவர்ஸ் எப்படியோ ஒரு பந்தைப் பெற்று இரண்டாம் தளத்தில் நின்று முறையிட்டார். அது அடிபட்ட பந்துதானா என்பது இன்றுவரை விவாதம். தளங்களைக் கவனிக்கவேண்டிய நடுவர் பொப் எம்ஸ்லி, ஒன்ராறியோவில் பிறந்த கனடியர், தான் காணவில்லை என்றார். மற்ற நடுவர் ஹாங்க் ஓடே, தான் கண்டதாகச் சொல்லி மேர்க்கிளை ஆட்டமிழந்தவர் ஆக்கினார்.

இதில் ஒரு முன்கதை உண்டு. அதற்கு ஏறக்குறைய மூன்று வாரங்களுக்கு முன், செப்டெம்பர் 4 ஆம் திகதி பிற்ஸ்பேர்க்கில் இதே மாதிரியான முறைப்பாட்டை இதே எவர்ஸ் இதே ஓடேயிடம் வைத்தார். அன்று ஓடே, தான் அதைக் காணவில்லை என்று மறுத்துவிட்டார். காணாததைத் தீர்ப்பாக்க அவர் உடன்படவில்லை. அன்றிலிருந்து இரண்டாம் தளத்தைப் பார்க்கப் பழகிக்கொண்டார் போலும். மேர்க்கிளின் ஆட்டம் சமநிலை என்று அறிவிக்கப்பட்டு, ஒக்டோபர் 8 இல் மீண்டும் ஆடப்பட்டபோது கப்ஸ் வென்றது. அந்த ஆண்டு ‘வேர்ல்ட் சீரிஸ்’ தொடரையும் வென்றது. மேர்க்கிள் அதன்பின் பல ஆண்டுகள் திறமையாக ஆடினார். ஆனால், 1956 இல் அவர் இறந்தபின்னரும் அவரது பெயரோடு ஒட்டியிருந்தது அந்த ஒரு தவறுதான்.

அன்றிரவு நான் நினைத்துக்கொண்டிருந்தது மேர்க்கிளை மட்டுமல்ல. எனது சொந்த இரண்டாம் தளம் ஒன்று இருக்கிறது. ஈய அச்சு நடைமுறையில் இருந்த எழுபதுகளின் நடுப்பகுதி. நான் இளம் உதவி ஆசிரியன். ஒரு சனிக்கிழமை மாலை இரண்டு புகைப்படங்களை அச்சுக்கூடத்துக்கு அனுப்பினேன். ஒன்று மறைந்துபோன ஓர் அதிபருடையது. மற்றது மணிவிழாக் கண்ட இன்னோர் அதிபருடையது. அவசரத்தில் படங்களின் பின்புறத்தில் பெயர்களை மாற்றி எழுதிவிட்டேன். மறுநாள் பத்திரிகையில், உயிரோடிருந்த மனிதரின் படம் மரண அறிவித்தலின் மேலே வந்தது.

திங்கட்கிழமை காலை அவரது உறவினர்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டார்கள். ஆசிரியர் கோபத்தோடு ஒப்புநோக்குநரைத்தான் அழைத்தார். அச்சில் பிழை வந்தால் முதலில் அழைக்கப்படுவது அவர்தான். நாற்பது வயதைத் தாண்டியவர், மட்டக்களப்புப் பக்கத்தைச் சேர்ந்தவர், நான்கு பிள்ளைகளின் தகப்பன். பிரதியில் இருந்தபடியே பார்த்தேன் ஐயா என்று அவர் சொன்னது பக்கத்து அறையில் இருந்த எனக்கு நன்றாகக் கேட்டது. பிரதி எங்கே என்றார் ஆசிரியர். பிரதியும் படங்களும் எனது மேசை லாச்சிக்குள் இருந்தன. அன்று காலையிலேயே எடுத்துப் பார்த்து, பிழை என்னுடையதே என்று அறிந்துகொண்டு, திரும்பவும் உள்ளே வைத்திருந்தேன்.

என்னை எவரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லலாம் என்று இருந்தேன். அந்த நினைப்பில் எனக்கு ஒருவித நிம்மதிகூட இருந்தது. கேட்கப்படவில்லை, ஆகவே நான் பொய் சொல்லவில்லை. அவருக்கு இரண்டு வாரச் சம்பளம் வெட்டப்பட்டது. சில மாதங்களில் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டார். பிரியாவிடை சொல்ல என்னிடமும் வந்தார். தம்பி, கவனமாய் இருங்கோ என்றுதான் சொன்னார். அதற்குள் வேறேதும் அர்த்தம் இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதன்பின் நான் அவரைக் காணவில்லை.

நடுவர்ப் பையனின் மௌனமும் எனது மௌனமும் வெளிப்பார்வைக்கு ஒன்றுதான். இருவரும் கண்டோம். இருவரும் கேட்கும்வரை பேசவில்லை. ஆனால், அவன் நடுவன். பேசாதிருப்பது அவனது கடமை. அவன் பேசினால் விளையாட்டே ஒரு பக்கம் சாய்ந்துவிடும். நான் நடுவன் அல்லன். ஓடியவன் நான். தளத்தை மிதிக்காதவன் நான். நடுவனுக்கு வகுத்த விதியை எடுத்து எனக்குப் போர்வையாகப் போர்த்திக்கொண்டிருந்தேன். இத்தனை ஆண்டுகளாக எனக்குப் புரியாதிருந்த இந்தச் சிறிய வேறுபாட்டைப் புரியவைப்பதற்கு ஒரு பேஸ்போல் மைதானம் வேண்டியிருந்தது.

தளத்தை மிதிக்காதவர் தானே முன்வந்து சொல்லவேண்டும் என்று பேஸ்போல் விதிப்புத்தகத்தில் எங்கும் இல்லை. கிரிக்கெட்டிலும் இல்லை. ஆனாலும், 2003 மார்ச் 18 ஆம் திகதியை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். போர்ட் எலிசபெத்தில் இலங்கைக்கு எதிரான உலகக்கிண்ண அரையிறுதி. அரவிந்த டி சில்வாவின் பந்து அடம் கில்கிறிஸ்ற்றின் துடுப்பில் பட்டுச் சங்கக்காரவின் கைகளுக்குள் போனது. நடுவர் ருடி கோர்ட்சன் ஆட்டமிழப்பு இல்லை என்று தலையசைத்தார். கில்கிறிஸ்ற்றோ திரும்பிப் பாராமல் நடந்தார். அன்று தோற்றது நாம்தான். ஆயினும், அந்த நடையை நாமும் மறக்கவில்லை.

மறுநாள் காலை, பாணும் பட்டருமாக மேசையில் இருந்த பேரனுக்கு வேறொரு கதையைச் சொன்னேன். 2010 யூன் 2, டிற்றொயிற் நகரம். அர்மாண்டோ கலராகா என்ற பந்தெறிபவர் தொடர்ந்து 26 பேரை ஒருவரையும் தளமேற விடாமல் ஆட்டமிழக்கச் செய்துவிட்டார். இன்னும் ஒருவர் ஆட்டமிழந்தால், தொழின்முறை வீரரொருவரின் வாழ்நாளில் ஒருமுறைகூட வாய்ப்பது அரிதான முழுமையான ஆட்டம். அந்த 27 ஆவது ஆள் தெளிவாக ஆட்டமிழந்திருந்தும், முதலாம் தளத்தில் நின்ற நடுவர் ஜிம் ஜொய்ஸ் இல்லை என்று தீர்ப்பளித்தார். ஆட்டம் முடிந்து காணொளியைப் பார்த்ததும், தவறு என்னுடையது என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டு, கலராகாவிடம் நேரிலே மன்னிப்புக் கேட்டார். மறுநாள் ஆட்டத்துக்கு முன், வீரர்களின் பெயர்ப்பட்டியலை நடுவரிடம் கையளிக்க வந்தவர் கலராகாவே. ஜொய்ஸ் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

“ரிசல்ட்டை மாத்தினவையோ?” என்றான் பேரன்.

“இல்லை. இண்டைக்கும் புத்தகத்திலை பழைய தீர்ப்புத்தான் இருக்குது.”

“அப்ப அவர் ஏன் சொன்னவர்?”

“சொல்லாமல் விட்ட ஒரு ஆளின்ரை கதையையும் சொல்லுறன். கேள்.”

மட்டக்களப்பு மனிதரின் கதையை அவனுக்குச் சொன்னேன். எனது மனைவிக்கும் மகளுக்கும்கூட நான் சொல்லாத கதை அது. அடுப்படியில் நின்ற மகள் கையிலிருந்த கோப்பையைக் கழுவாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கதை முடிந்ததும் பேரன் ஒன்றே ஒன்று கேட்டான்.

“அவரைப் பிறகு தேடினனீங்களோ அம்மப்பா?”

“தேடேல்லை.”

அவன் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அடுத்த பயிற்சி நாளில் அவன் தனது பயிற்றுநரிடம் போய் நடந்ததைச் சொன்னான். அவர் கோபிக்கவில்லை. முடிவை இனி மாற்ற முடியாது என்றார். பிறகு எல்லாப் பிள்ளைகளையும் அழைத்து, தளங்களின் மூலையை மிதித்து வளைந்து ஓடும் பயிற்சியை அரை மணித்தியாலம் கொடுத்தார். ஏன் என்று மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. பேரன்தான் சொன்னான்.

ஓகஸ்ட் மாதத்தில் அதே எதிரணியை மீண்டும் சந்தித்தார்கள். ஆட்டத்துக்கு முன், கண்ணாடி அணிந்த அந்த மெலிந்த சிறுவனிடம் பேரன் நடந்து போனதைக் கண்டேன். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. அந்தச் சிறுவன் சட்டென்று துள்ளி, கையை நீட்டித் தனது பயிற்றுநரைக் காட்டி ஏதோ உரக்கச் சொன்னான். நான் அப்போதே சொன்னேனே என்று சொல்லியிருப்பான் போலும். ஒரு மாதமாக அவன் சொன்னதை எவரும் நம்பவில்லை என்பதை அந்தத் துள்ளலில்தான் உணர்ந்தேன். முடிவு மாறாவிட்டால் எதற்காகச் சொல்லவேண்டும் என்ற கேள்விக்கு மறுமொழி அங்கே நின்றது.

அன்றைய ஆட்டத்தில் எங்கள் அணி தோற்றது. அதே நடுவர்ப் பையன்தான் வந்திருந்தான்.

பத்திரிகையில் பிழை வந்தால் மறுநாள் திருத்தம் போடுவோம். பெரும்பாலும் உள்பக்கத்தில், சின்ன எழுத்தில். எனது திருத்தம் ஐம்பது ஆண்டுகள் பிந்தி வருகிறது. அந்தப் பத்திரிகையில் அதற்கு இனி இடமில்லை. ஆகவே இங்கே இடுகிறேன். எழுபதுகளில் ஒரு ஞாயிறன்று, வாழ்ந்துகொண்டிருந்த அதிபர் ஒருவரின் படம் மரண அறிவித்தலின் மேல் வெளிவந்தமைக்குக் காரணம் ஒப்புநோக்குநர் அல்லர். படங்களின் பின்னால் பெயர்களை மாற்றி எழுதியவன் நான். அவரது பிள்ளைகளில் எவராவது, உலகின் எந்த மூலையிலிருந்தாவது இதை வாசிக்க நேர்ந்தால், உங்கள் தகப்பனார் அன்று சொன்னது உண்மை என்பதை அறிந்துகொள்ளுங்கள்.